ஸ்கார்பியாவின் சாப்பாட்டு மேசை

‘டோஸ்கா’ ஓபராவில் திரை விலகுவதற்கு முன்பே வில்லன் வந்துவிடுகிறான். ஆள் வர இன்னும் நேரம் இருக்கிறது, அவனுடைய இசை முதலில் வருகிறது. முன்னிசை என்று எதுவும் கிடையாது. வாத்தியக்குழு முழு பலத்தோடு மூன்று கார்டுகளை, அதாவது பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்தொலிக்கும் கட்டுகளை, அடித்து இறக்குகிறது: பி ஃபிளாட், ஏ ஃபிளாட், பிறகு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஈ மேஜர். தனித்தனியாகக் கேட்டால் மூன்றும் பிரகாசமாக ஒலிக்கும் சாதாரண மேஜர் கார்டுகள்தான். அடுத்தடுத்து வரும்போது அடிவயிற்றில் ஏதோ செய்கிறது. ரோம் நகரப் போலீஸ் தலைவன் ஸ்கார்பியா பிரபுவுக்கு, இந்த ஓபராவின் இசையமைப்பாளர் புச்சினி கொடுத்திருக்கும் கட்டியம் இது.

முதல் அங்கத்தில் பாதிக்கு மேல் கடந்த பிறகே அவன் மேடைக்கு வருகிறான். இரண்டாம் அங்கத்தின் முடிவில் டோஸ்கா அவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறாள். மூன்றாம் அங்கத்தில் அவன் இல்லை. ஆனாலும் இந்தக் கதையில் விழுகிற எல்லாப் பிணத்துக்கும் அவன்தான் காரணம், அவனுடைய பிணம் உட்பட.

125 ஆண்டுகளாகப் பெரிய பாரிட்டோன்களில், அதாவது நடுத்தர ஆண் குரல் பாடகர்களில், பெரும்பாலானவர்கள் இந்த வேடத்தைப் பாடிப் பார்த்திருக்கிறார்கள். இவர்களில் யார் சிறந்த ஸ்கார்பியா என்ற வாக்குவாதம் ஓபரா ரசிகர்களிடம் ஓய்ந்தபாடில்லை. பெரும்பாலும் அது டிட்டோ கோபி என்ற இத்தாலியப் பாடகரின் பெயரில் வந்து முடியும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த வேடத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கதையின் மூலம் ஒரு பிரெஞ்சு நாடகம். விக்டோரியன் சார்டூ, நடிகை சாரா பெர்ன்ஹார்ட்டுக்காக எழுதி 1887இல் பாரிஸில் மேடையேறியது. புச்சினி அதை இத்தாலியில் பார்த்தார். பிரெஞ்சு அவ்வளவாகத் தெரியாது, இருந்தும் கதை புரிந்துவிட்டது. இசைக்கு ஏற்ற நாடகம் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார். இல்லிகாவும் ஜகோசாவும் பாட்டு வசனம் எழுத, 1900 ஜனவரி 14 அன்று ரோமின் கோஸ்டான்சி அரங்கில் ஓபரா அரங்கேறியது. கதை நடப்பதும் ரோமில்தான், 1800 ஜூன் மாதம். பிரெஞ்சுக்காரர்களின் ஆதரவில் நின்ற ரோமக் குடியரசு அதற்கு முந்தைய ஆண்டுதான் கவிழ்ந்திருந்தது. நகரம் நேப்பிள்ஸ் அரசின் கையில். அந்த அரசுக்காகக் குடியரசுக்காரர்களை வேட்டையாடுவது ஸ்கார்பியாவின் வேலை. தப்பி வந்த ஒரு கைதியை ஓவியன் கவரடோசி ஒளித்து வைக்கிறான். ஓவியனின் காதலி டோஸ்கா பெயர்பெற்ற பாடகி, பொறாமைக்காரி. அந்தப் பொறாமையைத் தூண்டிவிட்டால் அவளே மறைவிடத்துக்கு வழி காட்டுவாள் என்பது ஸ்கார்பியாவின் கணக்கு.

தேவாலயத்தில் வேறொரு சீமாட்டியின் விசிறி அவன் கையில் சிக்குகிறது. அதை வைத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்கிறான்: இயாகோவிடம் ஒரு கைக்குட்டை இருந்தது, என்னிடம் ஒரு விசிறி. வில்லன் இன்னொரு ஓபரா வில்லனின் பெயரைச் சொல்லித் தன்னை அளந்துகொள்கிறான். கைக்குட்டையை வைத்து இயாகோ தன் தளபதியின் பொறாமையைக் கிளறும் வெர்டியின் ‘ஒதெல்லோ’ வந்ததும் 1887இல்தான், சார்டூவின் நாடகம் வந்த அதே ஆண்டு. பார்வையாளர்கள் பலருக்கு அது பார்த்த ஓபரா, ஆகவே குறிப்பு உடனே பிடிபட்டிருக்கும்.

ஆனால் இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இயாகோ தன் தளபதிக்குக் கீழே இருப்பவன். நல்லவன் வேஷம் போட்டே ஆக வேண்டும், மாட்டிக்கொண்டால் தலை போய்விடும். ஸ்கார்பியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஊரே அவனைக் கண்டு நடுங்குகிறது, அது அவனுக்கும் தெரியும். கையில் சிறை, சித்திரவதை அறை, தூக்கு மேடை எல்லாம் இருக்கும்போது அவன் யாரிடமும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. முறைத்துப் பார்க்கவும் வேண்டியதில்லை. இந்த வேடத்தில் தோற்ற பாடகர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கியிருக்கிறார்கள். பழைய சினிமா வில்லன் கையைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டுகிற மாதிரி, முதல் வரியிலேயே தான் கெட்டவன் என்று அறிவித்துவிடுகிறார்கள். அப்புறம் இரண்டாம் அங்கத்தில் காட்ட மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

சரி, குரல் விஷயத்துக்கு வருவோம். பாரிட்டோன் என்பது ஆண் குரல்களில் நடுவாந்தரம். மேலே டெனர், கீழே பேஸ். இத்தாலிய ஓபராவில் டெனர் காதலிப்பான், பாரிட்டோன் அதற்குக் குறுக்கே நிற்பான், அப்பாவாகவோ அண்ணனாகவோ வில்லனாகவோ. ஓபராவில் மைக் கிடையாது. எழுபது பேர் வாசிக்கும் வாத்தியக்குழுவைத் தாண்டிக் குரல் கடைசி வரிசைவரை போக வேண்டும். கத்தினால் போகாது. பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூடுதல் அதிர்வு திரண்டு நிற்கும். வாத்தியக்குழுவின் பலமோ பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் வாக்கில் குவிந்திருக்கும். மேலே இருக்கிற அந்தக் காலி இடத்தில் குரல் புகுந்து வந்துவிடுகிறது.

ஸ்கார்பியா பாடுகிறவருக்கு இந்தப் பலம் கட்டாயம் வேண்டும், முதல் அங்கத்தின் முடிவுக்காக. சாந்த் ஆந்திரேயா தேவாலயம். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்று தவறான செய்தி வந்திருக்கிறது, அதற்காக ‘தே தேயும்’ என்ற நன்றிப் பாடல் பாடக் கூட்டம் சேர்கிறது. பி ஃபிளாட், எஃப் என இரண்டே சுரங்களில் மணிகள் மாறி மாறி ஒலிக்கின்றன, நிறுத்தாமல். கைதி தப்பியதை அறிவிக்கும் பீரங்கி நடுநடுவே வெடிக்கிறது. ஆர்கன் சேர்கிறது, கூட்டம் முணுமுணுத்து ஜெபிக்கத் தொடங்குகிறது, கர்தினாலின் ஊர்வலம் வருகிறது. இத்தனைக்கும் மேலே ஸ்கார்பியா தன் ஆசையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறான்: ஒருவனுக்குத் தூக்குக் கயிறு, மற்றவளுக்கு என் அணைப்பு. கடைசியில் கனவிலிருந்து விழித்தவன்போல, டோஸ்கா, நீ என்னைக் கடவுளையே மறக்க வைக்கிறாய் என்று சொல்லிவிட்டு மண்டியிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிறான். பிறகு மறுபடியும் அந்த மூன்று கார்டுகள்.

இந்த நான்கைந்து நிமிடத்தில் குரல் சிறியதாக இருந்தால் தீர்ந்தது. பாடகரின் வாய் அசையும், பீரங்கிதான் கேட்கும். நேரில் பார்த்தவர்கள் இதைப் பற்றிப் புலம்புவது வழக்கம். ஒலிப்பதிவில் இந்தச் சிக்கல் தெரியாது, பொறியாளர் குரலை முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவார். பதிவுகளை வைத்துப் பாடகர்களை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நானும் இங்கே பெரும்பாலும் பதிவுகளை வைத்துத்தான் பேசுகிறேன்.

இரண்டாம் அங்கம் வேறு பரீட்சை. ஃபர்னேசே மாளிகையில் ஸ்கார்பியாவின் அறை. அவன் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து அறையில் கவரடோசியைச் சித்திரவதை செய்கிறார்கள், அலறல் இங்கே கேட்கிறது. தாங்க முடியாமல் டோஸ்கா கைதியின் மறைவிடத்தைச் சொல்லிவிடுகிறாள். கவரடோசியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அறையில் இருவர் மட்டும். இப்போது ஸ்கார்பியா என்ன சொல்கிறான் தெரியுமா? பாவம், என் சாப்பாடு பாதியில் நின்றுவிட்டது. ‘லா பொவேரா மியா சேனா ஃபூ இன்டெரோட்டா.’ பிறகு அவளை உட்காரச் சொல்கிறான். ஸ்பெயின் நாட்டு ஒயினை ஊற்றி, ஒரு வாய் குடியுங்கள், தெம்பு வரும் என்கிறான். எவ்வளவு வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அவன் சிரிக்கிறான். என்னைக் காசுக்கு விலைபோகிறவன் என்று சொல்கிறார்கள், ஆனால் அழகான பெண்ணிடம் நான் பணத்துக்கு விலைபோவதில்லை என்று ஆரம்பித்து, எதற்கு விலைபோவான் என்பதைப் பாடுகிறான்.

இங்கே பீரங்கி கிடையாது, மணி கிடையாது. வாத்தியக்குழு அநேகமாக அடங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு மெய்யெழுத்தும் கேட்கும். ‘சேனா’ என்ற சாதாரணச் சொல்லை ஒருவர் எப்படி உச்சரிக்கிறார் என்பதை வைத்தே அவர் என்ன மாதிரி ஸ்கார்பியா என்று சொல்லிவிடலாம். தேவாலயத்துக்குப் பெரிய குரல் வேண்டும், சாப்பாட்டு மேசைக்குக் கூர்மையான நாக்கு வேண்டும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து அமைவது அபூர்வம்.

முதல் ஸ்கார்பியா யூஜெனியோ ஜிரால்டோனி. அவருடைய அப்பா லியோனே ஜிரால்டோனி வெர்டியின் ‘சிமோன் பொக்கனேக்ரா’வில் தலைப்பு வேடத்தை முதன்முதலில் பாடியவர், பரம்பரைச் சொத்து என்றே சொல்லலாம். ஆனால் வேடத்தை உலகெங்கும் பரப்பியவர் நேப்பிள்ஸ்காரரான அந்தோனியோ ஸ்காட்டி. லண்டனிலும் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கிலும் ‘டோஸ்கா’ முதன்முதலில் நடந்தபோது ஸ்கார்பியா அவர்தான். மெட்ரோபாலிடனில் மட்டும் 200 தடவைக்கு மேல் பாடினார். அந்தக் காலப் பதிவுகளில் குரலின் நிழல்தான் கிடைக்கிறது, ஆகவே அவரை மற்றவர்களோடு நிறுத்தி எடைபோட நான் துணிய மாட்டேன். உடையிலும் நடையிலும் அவர் ஒரு கனவான் ஸ்கார்பியா என்று பெயரெடுத்தவர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி கோபி. 1913இல் பாசானோ தெல் கிராப்பாவில் பிறந்தவர், சட்டம் படிக்கப் போய்ப் பாட்டுக்கு வந்தவர், திரைப்படங்களிலும் நடித்தவர். 1953 ஆகஸ்டில் மிலானின் ஸ்காலா அரங்கில் விக்டர் டி சபாட்டா வாத்தியக்குழுவை நடத்திய பதிவில் டோஸ்காவாக மரியா காலஸ், கவரடோசியாக டி ஸ்டெஃபானோ, ஸ்கார்பியாவாகக் கோபி மூவரும் பாடினார்கள். ஓபரா ஒலிப்பதிவு வரலாற்றிலேயே முதல் வரிசையில் வைக்கிற பதிவு அது, மோனோ ஒலியாக இருந்தும். டி சபாட்டா விடாக்கண்டர். முதல் அங்கத்துப் பகுதியைத் தன்னை 30 தடவை பாட வைத்தார் என்று கோபி பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்டால் அது வீண்போகவில்லை என்று தெரியும். தேவாலயத்துக்குள் நுழைந்து, கோயிலில் இப்படியா கூச்சல் போடுவது என்று அவர் அதட்டும் முதல் வரியில் கோபம் துளியும் கிடையாது. எரிச்சல் மட்டும், அதுவும் ஓர் அதிகாரியின் அன்றாட எரிச்சல். சிறுவர்கள் வாயடைத்து நிற்பதை இசையிலேயே கேட்கலாம்.

கோபியின் குரல் அழகான குரல் என்று யாரும் சொன்னதில்லை. உச்சியில் கொஞ்சம் வறண்டுபோகும், சில இடங்களில் இறுகும். அதற்கு ஈடாக அவரிடம் நிறங்கள் உண்டு. ஒரே வாக்கியத்துக்குள் மரியாதை, கிண்டல், மிரட்டல் மூன்றும் மாறும். டோஸ்காவிடம் பேசும்போது குரலில் பட்டுத்துணி, தன் ஆள் ஸ்போலெட்டாவிடம் திரும்பும்போது அதே மூச்சில் சவுக்கு. காலஸுடன் அவர் பாடிய இரண்டாம் அங்கம் 1964 பிப்ரவரியில் லண்டன் கோவன்ட் கார்டன் ஓபரா அரங்கில் படமாக்கப்பட்டது. இயக்குநர் ஜெஃபிரெல்லியின் தயாரிப்பு, கருப்பு வெள்ளை. இந்த வேடத்துக்கு அதுதான் இலக்கணம் என்று பலர் நினைப்பதற்கு அந்தப் படமே முக்கியக் காரணம். இருவரும் பாடகர்கள் என்பதே மறந்துவிடுகிறது. அந்த நாட்களின் ஓர் ஒத்திகையில் மெழுகுவர்த்தி பட்டுக் காலஸின் பொய்முடியில் தீப்பிடிக்க, கோபி பாட்டை நிறுத்தாமல் வேடத்துக்கு ஏற்ற மாதிரி அவரை அணைத்துக் கையாலேயே தீயை அணைத்துவிட்டாராம். கோபி தன் நினைவுகளில் சொன்ன கதை.

இவ்வளவு சொல்லிவிட்டு எங்கே உடன்படவில்லை என்று கேட்பீர்கள். கோபியின் ஸ்கார்பியா எப்போதும் வேலையில் இருக்கிறான். அவன் கணக்குப் போடுவது நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் திட்டமிட்டு வைத்த சொல். ரசிக்கத்தக்க கலை, சந்தேகமில்லை. ஆனால் ஸ்கார்பியா தன்னைப் பற்றிப் பாடுவதைக் கேளுங்கள்: கடவுள் பலவித அழகுகளையும் பலவித ஒயின்களையும் படைத்திருக்கிறார், அவற்றில் முடிந்தவரை ருசிபார்க்க விரும்புகிறேன், ஆசைப்பட்டதைத் துரத்துவேன், ஆசை தீரும்வரை அனுபவிப்பேன், அப்புறம் தூக்கி எறிவேன். இவன் ருசி கண்டவன். தான் செய்வதை முழு மனதோடு அனுபவிப்பவன். அந்த ருசி கோபியிடம் கொஞ்சம் குறைவு.

அது முழுசாக இருப்பது ஜுசெப்பே தத்தேயியிடம். ஜெனோவாக்காரர், 1916இல் பிறந்தவர். 1962இல் வியன்னாவில் காரயன் நடத்திய பதிவில், டோஸ்காவாகப் பாடிய லியோன்டின் பிரைஸுக்கு எதிரே அவர் ஸ்கார்பியா. அந்தப் பதிவின்போது காரயன் டி சபாட்டாவின் பழைய பதிவை அவ்வப்போது போட்டுக் கேட்டார் என்று தயாரிப்பாளர் ஜான் கல்ஷா எழுதியிருக்கிறார். ஆக இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தத்தேயியின் குரல் கோபியினுடையதைவிடப் பெரியது, உருண்டையானது, வெதுவெதுப்பானது. தேவாலயக் காட்சியில் மணியோசைக்கு மேலே சிரமமே இல்லாமல் மிதக்கிறது. மேசைக்கு வந்தால்தான் விஷயம் இருக்கிறது. ‘லா பொவேரா மியா சேனா’வை அவர் உண்மையாகவே சாப்பாடு ஆறிப்போன ஆளின் அங்கலாய்ப்பாகச் சொல்கிறார். ‘பொவேரா’ என்ற சொல்லில் ஒரு குழைவு, தன்மேலேயே ஓர் இரக்கம். விருந்தினரிடம் பேசும் வீட்டுக்காரரின் குரல். அடுத்த அறையில் ஓர் ஆளின் மண்டையில் முள்வளையத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது ஒரு நிமிடம் மறந்துபோகிறது. அப்புறம் நினைவு வரும்போது கோபியிடம் வராத ஒரு குமட்டல் வருகிறது. டோஸ்கா விலை கேட்டதும் அவர் சிரிக்கிற சிரிப்பு நாடகச் சிரிப்பாக இல்லை. நல்ல நகைச்சுவையைக் கேட்டவர் சிரிப்பதுபோல இருக்கிறது.

இதில் ஒரு தொடர்பு எனக்குப் படுகிறது. தத்தேயி அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த நகைச்சுவைப் பாடகர்களில் ஒருவர். 1959இல் ஜூலினி நடத்திய இரண்டு மொசார்ட் பதிவுகளில், ஒன்றில் ஃபிகாரோ, மற்றதில் வேலைக்காரன் லெப்போரெல்லோ. வெர்டியின் ஃபால்ஸ்டாஃப், அதாவது அந்தத் தொப்பைக்காரக் கிழட்டு ஜாலிப் பேர்வழி, அவருடைய வாழ்நாள் வேடம். நியூயார்க் மெட்ரோபாலிடனில் அவர் முதன்முதலாகப் பாடியதே 1985இல், 69 வயதில், ஃபால்ஸ்டாஃபாகத்தான். கோபியைப் பாருங்கள், காரயனின் 1956 பதிவில் ஃபால்ஸ்டாஃப். பழைய ஸ்காட்டி, ஃபால்ஸ்டாஃப். இன்றைய பிரின் டெர்ஃபெல், ஃபால்ஸ்டாஃப். மேசைக் காட்சியில் ஜெயிக்கிறவர்கள் எல்லாரும் மேடையில் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள். யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நகைச்சுவைக்கு வேண்டியது சொல்லின் நேரம்: எங்கே அரை நொடி நிறுத்துவது, எந்த எழுத்தை இழுப்பது, எதை அலட்சியமாக உதிர்ப்பது. ஸ்கார்பியாவுக்கு வேண்டியதும் அதுதான். தின்பதிலும் குடிப்பதிலும் பெண்களிலும் ஃபால்ஸ்டாஃபுக்கு உள்ள அதே ஆசைதான் ஸ்கார்பியாவுக்கும். ஒருவனிடம் காலிப் பணப்பை, இன்னொருவனிடம் சிறைச்சாவி.

இதை விதியாக்க முடியாது. லெனார்ட் வாரனும் ஃபால்ஸ்டாஃப் பாடியவர்தான். 1957இல் ரோமில் லைன்ஸ்டார்ஃப் நடத்த மிலானோவ், பியோர்லிங் ஆகியோருடன் அவர் பாடிய ஸ்கார்பியாவைக் கேட்டால் முதலில் தோன்றுவது, என்ன ஒரு குரல் என்பதுதான். மேலே போகப் போக அகலமாகிற குரல். அமெரிக்கா தந்த வெர்டி பாரிட்டோன்களில் அவருக்கு மேல் யாரையும் சொல்வது கஷ்டம். தேவாலயக் காட்சியில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் மேசையில் அந்தக் குரலின் அழகே அவருக்கு எதிரியாகிவிடுகிறது. இவ்வளவு உன்னதமாகப் பாடுகிற ஒருவன் இவ்வளவு கீழ்த்தரமாக நடப்பானா என்று சந்தேகம் வருகிறது. 1960 மார்ச் 4 அன்று மெட்ரோபாலிடன் மேடையிலேயே, வெர்டியின் ‘விதியின் வலிமை’ நடுவில் விழுந்து இறந்துபோனார் வாரன். வயது 48தான்.

ஜார்ஜ் லண்டன் நேர்மாறு. மான்ட்ரியலில் பிறந்த பேஸ்-பாரிட்டோன், வாக்னரின் வோட்டானையும் ரஷ்யாவின் போரிஸையும் பாடியவர். டெபால்டி, டெல் மொனாக்கோவுடன் 1959இல் பதிவான ‘டோஸ்கா’வில் அவர் குரல் கன்னங்கரேல். 1956இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சலிவன் நிகழ்ச்சியில் காலஸோடு இரண்டாம் அங்கத்தின் ஒரு பகுதியைப் பாடியவரும் இவரே. பயமுறுத்துவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கருமை ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே அளவில் இருக்கிறது. இவனிடம் டோஸ்கா ஒரு நொடிகூட ஏமாறமாட்டாள். முதல் அங்கத்தில் அவன் அவளுக்குப் புனித நீரை நீட்டிக் குழைந்து பேசும் இடம் நம்பும்படி இல்லை.

டீட்ரிச் ஃபிஷர்-டீஸ்காவ் ஒரு விசித்திரம். ஷூபர்ட் பாடல்களின் சக்கரவர்த்தி. 1966 பதிவில் லோரின் மாசெல் நடத்த, பிர்கிட் நீல்சன், கொரெல்லி என்ற இரண்டு பீரங்கிக் குரல்களுக்கு நடுவே நிற்கிறார். ஒவ்வொரு சொல்லையும் பூதக்கண்ணாடியில் வைத்துக் காட்டுகிறார். சில இடத்தில் மெய்யெழுத்துகளைத் துப்புகிறார். அறிவுள்ள ஸ்கார்பியா, மறுக்க முடியாது. ஆனால் இத்தாலியன் பேசுகிறவன் இப்படி உழைத்துப் பேசமாட்டான் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். விரும்புகிறவர்கள் வெறித்தனமாக விரும்புகிறார்கள். எனக்கு ஒரு தடவை போதும்.

இன்னொரு வழி வந்தவர்களும் உண்டு, மொசார்ட்டின் டான் ஜியோவானி வேடத்தைப் பாடி வந்தவர்கள். பெண்களை மயக்கும் பிரபுவின் பாணியை இந்த வேடத்துக்கும் கொண்டுவந்தவர்கள். ஷெரில் மில்ன்ஸ் அப்படி ஒருவர், கூடவே வாரன் வழிவந்த உச்சஸ்தாயியும் அவருக்கு உண்டு. 1976இல் ரோமின் நிஜமான தேவாலயத்திலும் மாளிகையிலும் கோட்டையிலும் எடுத்த படத்தில் கம்பீரமாக நடமாடுகிறார். கொஞ்சம் அதிகமாகவே ஆரோக்கியமான ஸ்கார்பியா. ஸ்வீடனின் இங்வார் விக்செல் மெல்லிய குரல்காரர், காபாயேயும் கரேராசும் பாடிய காலின் டேவிஸ் பதிவில் அரசவை ஆள்போலப் பாடுகிறார். 1965இல் யூரோவிஷன் போட்டியில் ஸ்வீடனுக்காகப் பாடிய அதே மனிதர் என்பது பலருக்குத் தெரியாது. சாமுவேல் ரேமி முழு பேஸ். குரலில் இரும்பு, முகபாவம் குறைவு.

இந்த வழியில் உச்சம் ருஜெரோ ரைமோண்டி. ஜோசப் லோசியின் ‘டான் ஜியோவானி’ படத்தில் தலைப்பு வேடம் அவர்தான். காரயனின் 1979 ‘டோஸ்கா’ பதிவில் ஸ்கார்பியாவாகப் பாடினார். பிறகு 1992 ஜூலையில் ஒரு துணிகர முயற்சி: கதை நடக்கும் அதே இடங்களில், கதை நடக்கும் அதே பொழுதுகளில், நேரலையில் ஒளிபரப்பு. சுபின் மேத்தா நடத்திய வாத்தியக்குழு வேறோர் இடத்தில், பாடகர்கள் நிஜத் தேவாலயத்தில், நிஜ மாளிகையில். காதரின் மால்ஃபிட்டானோவும் டொமிங்கோவும் உடன் பாடினார்கள். ரைமோண்டியின் ஸ்கார்பியா உயரமான, ஒல்லியான, பழக்கதோஷத்தால் பணிவாக இருக்கும் பிரபு. உண்மையான ஃபர்னேசே மாளிகையின் சுவர்களுக்கு நடுவே அவர் வீட்டுக்காரர்போலவே இருக்கிறார். நீளமான வரிகளை மூச்சு தெரியாமல் இழைக்கிறார். கொடூரம் அந்த இழைப்பில்தான் இருக்கிறது. அவசரமே படாத ஆள் என்ன செய்வான் என்று ஊகிக்க முடியாது. இருந்தாலும் பேஸ் குரலுக்கு ‘தே தேயும்’ உச்சிகள் கொஞ்சம் தூரம், அது கேட்கவும் கேட்கிறது.

டெர்ஃபெல் வேல்ஸ் நாட்டு விவசாயிக் குடும்பத்துப் பிள்ளை, மலைபோல உருவம். 2011இல் கோவன்ட் கார்டனில் கெயார்கியு, காஃப்மானோடு அவர் பாடியது படமாக வந்திருக்கிறது, பப்பானோ நடத்தியது. நீண்ட கருத்த தலைமயிர், வியர்வை, பிசுக்கு. கனவான் பாவனையை அவர் மூட்டைகட்டி வைத்துவிட்டார். அறையில் அவர் நகரும்போதெல்லாம் டோஸ்காவுக்கு இடம் குறைந்துகொண்டே போகிறது. ஸ்காட்டியின் மிடுக்கான கனவானிலிருந்து இது எவ்வளவு தூரம்! சில இடங்களில் அவர் பாடுவதை விட்டுவிட்டு உறுமுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மேசைக் காட்சியில் உணவை அவர் கையாளும் விதத்தில் ஃபால்ஸ்டாஃப் எட்டிப்பார்க்கிறார், அங்கே மன்னித்துவிடுகிறேன்.

இவர்களை எல்லாம் ஒரே கல்லில் உரசிப் பார்க்க ஓர் இடம் உண்டு. டோஸ்கா சம்மதித்துவிடுகிறாள். கவரடோசிக்குப் பொய்யான மரண தண்டனை, வெற்றுத் தோட்டா என்று ஏற்பாடு. ஸ்கார்பியா ஸ்போலெட்டாவைக் கூப்பிட்டு உத்தரவிடுகிறான்: பால்மியேரி கோமகனுக்குச் செய்தோமே, அந்த மாதிரி. புரிந்ததா? புரிந்தது, பால்மியேரி மாதிரி. அவ்வளவுதான். பால்மியேரியை நிஜமாகவே சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். டோஸ்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் இது சாதாரண நிர்வாகப் பேச்சாக விழ வேண்டும், ஸ்போலெட்டாவுக்கு மரண உத்தரவாகப் போய்ச் சேர வேண்டும், அரங்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதோ சரியில்லையே என்று நெருட வேண்டும். ஒரு சிறு அழுத்தம் கூடினால் டோஸ்கா முட்டாளாகிவிடுவாள். குறைந்தால் நமக்கே புரியாது.

லண்டனும் ஃபிஷர்-டீஸ்காவும் அழுத்துகிறார்கள். வாரன் கடந்து போய்விடுகிறார். இந்த இடத்தில் மட்டும் நான் கோபியின் பக்கம். அந்தப் பெயரை இரண்டாம் முறை சொல்லும்போது அவர் குரல் மாறுவதில்லை, வேகம்தான் ஒரு நூலளவு குறைகிறது. ஒரு வக்கீல் ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் உள்ள வரியைப் படித்துக் காட்டுவதற்கான வேகம். சட்டம் படித்தது இங்கே உதவியிருக்கலாம். தத்தேயி இந்த வரியிலும் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் அவருடைய மனசு ஏற்கெனவே அடுத்த அரைமணி நேரத்துக்குப் போய்விட்டது தெரிகிறது. அதுவும் ஸ்கார்பியாவின் குணம்தான். ‘டோஸ்கா, கடைசியில் என்னுடையவள்’ என்று அவன் கையை விரித்துக்கொண்டு வரும்போது மேசையிலிருந்து அவள் எடுத்த கத்தி, அவன் சாப்பிட உட்கார்ந்த கத்தி, அவன் மார்பில் இறங்குகிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு எங்கே தொடங்குவது என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முழு ஓபராவும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், வாக்னர்போல நாளை விழுங்காது. ஆனாலும் முதல் தடவை கேட்கிறவர்கள் இரண்டாம் அங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. 1964 கோவன்ட் கார்டன் படத்தை முதலில் பாருங்கள், இத்தாலியன் தெரியாவிட்டாலும் கதை புரியும். பிறகு 1962 காரயன் பதிவைக் கண்ணை மூடிக் கேளுங்கள். அங்கம் முடியும் இடத்தில் அந்த மூன்று கார்டுகள் மறுபடி வரும், மிக மெதுவாக. இந்த முறை கடைசிக் கார்டு மேஜர் இல்லை, இருண்டு ஒலிக்கும் மைனர். முதல் தடவையிலேயே காதில் பட்டுவிட்டால், உங்களுக்கு இனி என்னுடைய தரவரிசை தேவைப்படாது.